அடி தெரியாத மரம்

போன புதன்கிழமை எண்ணூரில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் வைத்தியம்தான். என் பிழைப்பு உங்களுக்குத் தெரியாததா?

நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே பாய்லர் வெடித்திருந்தது. அடிபட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஆபீசர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில். கேட் ஆபீஸில் மிச்சம் இருந்தது ஒரு செக்யூரிட்டியும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

ஜன்னலுக்கு வெளியே காசிமேட்டுப் பெண் ஒருவர், பிலோமினா. கணவர் அந்தோணி அங்கே ஃபிட்டர். காலை ஷிஃப்ட்டுக்கு வந்தவர்.

"போன வாரந்தான் சார் வேற எடத்துக்கு மாத்திட்டாங்கோ. எங்கன்னு கேட்டா, 'சொன்னா உனுக்கு இன்னா புரியப் போவுது'ன்னாரு. பாய்லராண்ட இல்லன்னு மட்டும் பாத்துச் சொல்லு சார்."

செக்யூரிட்டிக்கும் தெரியவில்லை. ஆனால் யார் எந்தப் பிரிவு என்பது சர்வரில் இருக்குமே! டைரக்டரி என்போம். ஒரு மரம் மாதிரி — அடியில் கம்பெனி பெயர், கிளைகளில் பிரிவுகள், நுனியில் ஆட்கள். அதைப் பார்க்கும் பிரவுசரைத் திறந்தேன்.

'அடி எது என்று சர்வர் சொல்லவில்லை, நீயே டைப் செய்' என்றது. இந்தக் கோளாறைப் பார்க்கத்தான் என்னையே கூப்பிட்டிருந்தார்கள்...

கேட் போர்டில் இருந்த பெயரை அடித்தேன். அப்படி ஒன்று இல்லை என்றது. ஸ்பெல்லிங்கை மாற்றி, சுருக்கி, நீட்டி... இல்லை.

பிலோமினா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தாமோதரா கம்பெனில வேலைன்னு நம்பித்தானே எங்க நைனா கட்டிக் குடுத்தாரு..."

தாமோதராவா?

"பழைய மொதலாளி பேரு சார்" என்றார் செக்யூரிட்டி. "கை மாறி ரெண்டு வருசம் ஆவுது. ஷேர் ஆட்டோல இன்னும் அந்தப் பேரச் சொன்னாதான் இங்க எறக்கி வுடுவான்."

போர்டை மாற்றியவர்கள் சர்வரை மாற்றவில்லை! பழைய பெயரை அடித்தேன். மொத்த மரமும் விரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன்.

அந்தோணி, ஃபிட்டர். பிரிவு — பாய்லர் ஹவுஸ்.

"அவரு பேரு கீதா சார் அதுல?"

"இருக்கும்மா..."

"மாதாவே! பேரு கீதுன்னா ஆளும் கீறாருன்னுதானே சார்?"

சிலுவை போட்டுக்கொண்டார். "வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துடலாம்" என்று ஆட்டோ பிடித்தேன். வெள்ளிக்கிழமை ராயபுரத்தில் அந்தோணியை அடக்கம் செய்தார்கள்.

கோளாறு தீர்ந்தால் கவலை தீரும் என்பது எங்கள் தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. அன்று அந்தக் கோளாறு தீராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இருந்தால் மட்டும் என்ன? பாய்லர் வெடித்தது வெடித்ததுதானே?

நேற்று மறுபடி கூப்பிட்டார்கள். அடியில் புதுப் பெயரைப் போட்டுச் சரிசெய்துவிட்டு வந்தேன். இப்போது போர்டும் சர்வரும் ஒன்றையே சொல்கின்றன.

அந்தோணி மட்டும் இன்னும் பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.