கப்பலுக்குப் போன புளியங்கொட்டை மாவு

என் மாமனார் வீட்டில் புளியங்கொட்டையை மாவாக்கிச் சீமைக்கு அனுப்பினார்கள். சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் நிஜம். அந்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சினால் பிசின் மாதிரி கெட்டிப்படும். சீமையில் துணி ஆலைகளில் நூல் அறுந்து போகாமல் இருக்க அந்தக் கஞ்சியைத்தான் பூசுவார்களாம். மெட்ராஸிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்து பேசி முடித்தார். மாவு மூட்டை மூட்டையாக லாரியில் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பல் ஏறும்.

நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனது, நாடு சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. திருவண்ணாமலையில் வேட்டவலம் ரோட்டில் வீடு. வீட்டுக்குப் பின்னால் களம். களத்து ஓரத்தில் வறுக்கிற அடுப்பு, அதை ஒட்டி ஆயில் இன்ஜின் வைத்த மிஷின். கொட்டையை மணலோடு வறுத்து, சிவப்புத் தோலை நீக்கி, உள்ளே இருக்கிற வெள்ளைப் பருப்பை அரைப்பார்கள். என் வீட்டுக்காரர் மிஷினைப் பார்த்துக்கொள்வார். அவர் பேசுகிற ஆள் இல்லை. பேசினாலும் அந்த இன்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஏஜெண்ட் முதல்தரம் சாம்பிள் பார்க்க வந்த அன்று கஞ்சி காய்ச்சிக் காட்டச் சொன்னார்கள். மாமியாருக்கு உடம்பு சரியில்லாததால் நான் காய்ச்சினேன். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் துழாவி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுக் கரண்டியில் தூக்கினேன். கஞ்சி அறுபடாமல் ஒரே கயிறாக இறங்கியது. ஏஜெண்ட், "இது, இதுதான் வேணும்"னார். அந்த மாவைத்தான் சீமைக்கு அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் இதே மாதிரி இருந்தால்தான் எடுப்போம் என்று அங்கிருந்து பதில் வந்தது.

அன்றைக்கு அடைபட்டது என் கதவு.

அதற்குப் பிறகு எந்த மாவும் நான் பார்க்காமல் மூட்டையில் ஏறாது. அதே சட்டி, அதே அடுப்பு, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், என் கை. ஒன்று மாறினாலும் கஞ்சி மாறிப்போகும் என்று மாமனாருக்குப் பயம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அந்த வீட்டில் என்ன சமைக்கலாம் என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை. ஆனால் கஞ்சி காய்ச்சிவிட்டால், மாமனார் களத்தில் வந்து நின்று, "என்னம்மா சொல்றே?" என்பார். வேலைக்காரர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

என் அம்மா வீடு அடி அண்ணாமலையில். மலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். மாட்டுவண்டி கட்டினால் ஒரு பொழுதுக்குள் போய்ச் சேரலாம். அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் போக முடியவில்லை. தலைப்பிள்ளை வயிற்றில் வந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது எல்லாக் குடும்பத்திலும் உள்ள வழக்கம். ஏழாம் மாதம் புரட்டாசியில் அம்மா சோறு கட்டி எடுத்துக்கொண்டு வளையலோடு வந்தாள். வளையல் போட்டார்கள், சோறு சாப்பிட்டார்கள். அனுப்பவில்லை.

"கப்பலுக்கு நாள் குறிச்சுட்டாங்க தங்கச்சி. இந்த லோடு போயிடட்டும்" என்றார் மாமனார்.

"கப்பலுக்கு நாள் இருக்குது, என் பொண்ணுக்கு இல்லீங்களா அண்ணா?" என்று கேட்டாள் அம்மா.

மாமியார் குறுக்கே வந்தார். "மலையைச் சுத்துனா உங்க வூடு. கூப்பிட்டா கேக்கற தூரத்துக்கு இம்மாம் அவசரமா? பொண்ணு எங்க ஓடிப்போயிடப் போவுது?"

"அப்ப மாவை வண்டியில போட்டு எங்க வூட்டுக்கே அனுப்புங்க. அங்கயே காச்சிப் பாத்துச் சொல்லிட்டுப் போவுது."

"உங்க கெணத்துத் தண்ணி உப்புத் தண்ணி" என்றார் மாமனார். முடிந்தது பேச்சு.

எட்டாம் மாதத்தில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். ஒன்பதாம் மாதம் கார்த்திகை. அதையும் விட்டால் மார்கழி. மார்கழியில் யார் பெண்ணை வாசல் தாண்ட விடுவார்கள்? ஆகவே கார்த்திகைதான் எனக்கு. தீபம் முடிந்த மறுநாள் அழைத்துப் போகலாம், அதற்குள் கையில் இருக்கிற கொட்டையை வறுத்து அரைத்துவிடுவோம் என்று மாமனாரே வாக்குக் கொடுத்தார்.

தீபத்தன்று கடைசி வறுவல் நடந்தது. சாயங்காலம் மலையில் தீபம் ஏற்றும்போது அடுப்படியில் நிற்க எந்த வேலைக்காரனுக்கு மனசு வரும்? பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டுமென்று விறகை அள்ளி அள்ளித் திணித்தார்கள். நான் உள்ளே இருந்தேன், வாசனையிலேயே தெரிந்தது. கொட்டை காய்ந்த வாசனை வேறு, தீய்ந்த வாசனை வேறு. ஆறு மணிக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் எல்லாரும் களத்திலேயே நின்று "அண்ணாமலைக்கு அரோகரா" என்று கும்பிட்டார்கள். அதே ஜோதியை அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவும் கும்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாவு அரைத்தார்கள். அம்மா வண்டியோடு வந்துவிட்டாள். என் புடவைகளை மூட்டை கட்டி வண்டியில் வைத்தாயிற்று. பழுப்பு நிறத்தில் மாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். கரைத்துக் காய்ச்சினேன். அம்மா பக்கத்தில் குந்தி, விறகைத் தள்ளிவிடுகிற மாதிரி காதோடு சொன்னாள்: "எப்பிடி இருந்தாலும் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு வண்டியில ஏறு கண்ணு."

ஆறிற்று. தூக்கினேன். கஞ்சி கயிறாக இறங்கவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"என்னம்மா சொல்றே?" என்றார் மாமனார்.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். வண்டிமாடு தலையை ஆட்டுகிற மணிச்சத்தம் தெருவிலிருந்து கேட்டது. ஒரு வார்த்தை சொன்னால் நான் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குத்தானே அந்த வீட்டில் எனக்கு மரியாதை. அதையும் பொய்யாக்கிவிட்டு எங்கே போவது?

"சொட்டுது மாமா. தீஞ்சு போச்சு" என்றேன்.

மாமனார் வேலைக்காரர்களைத் திட்டிக்கொண்டே போனார். புதுக் கொட்டை வாங்கி வறுத்து அரைக்க மார்கழி பிறந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். மாமியார் எழுந்து போய், வண்டியிலிருந்த என் புடவை மூட்டையைத் தானே இறக்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரர் மிஷின் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் என்ன இருந்ததோ.

அம்மா அழவில்லை. "உன்னை யாரும் புடிச்சு வெக்கலடி. நீயே உக்காந்துகினே" என்றாள். வெறும் வண்டியோடு போனாள்.

மார்கழி பாதியில் அவளே ஒரு துணி மூட்டையோடு திரும்பி வந்தாள். வந்தவள் போகவில்லை. மாட்டையும் கொல்லையையும் யாரிடமோ விட்டுவிட்டு, மாவு படிந்த அந்த வீட்டில் என்னோடு அவளும் அடைந்து கிடந்தாள். களத்தை ஒட்டிய அறையில் எனக்குப் பெண் பிறந்தது.

தீட்டுக் கழியவில்லை. நான் அறையை விட்டு வரக்கூடாது. அம்மாவைத் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது. ஒரு காலை, மாமியார் காய்ச்சிய கஞ்சியை எடுத்துக்கொண்டு மாமனார் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். வெளிச்சத்துக்கு நேராகக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தார்.

"தொட வேணாம்மா. அங்கிருந்தே பாத்துச் சொல்லு."

அம்மா எழுந்து போய் நிலைப்படியை மறைத்துக்கொண்டு நின்றாள். "புள்ளை பெத்த ஒடம்புண்ணா அது. கொஞ்சம் படுக்க வுடுங்க."

மாமனார் நகரவில்லை. அம்மாவும் நகரவில்லை. குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நான் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அம்மாவின் இடுப்புக்கும் கதவுக்கும் நடுவில் தெரிந்த சந்து வழியாகப் பார்த்தேன்.

"நல்லாருக்குது மாமா" என்றேன். நன்றாகத்தான் இருந்தது.