கொக்கு வீட்டு வெள்ளை முடி

யேசுதாசனின் குடும்பத்துக்குக் கடற்கரையில் பட்டப்பெயர் கொக்கு. அவருடைய தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறவியிலேயே வெள்ளை. மற்றதெல்லாம் கறுகறுவென்று இருக்கும். தனிப்பிள்ளையான யேசுதாசனுக்கும் அதே இடத்தில் அதே கொத்து. தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் அதில் கறுப்பு மை பூச ஆரம்பித்தவர் பிறகு நிறுத்தவே இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை ஊருக்குத் தெரியாமல் மறைப்பதில் அவர் காட்டிய சிரத்தையைப் பாராட்டத்தான் வேண்டும்.

தொழில், மீன் ஏலம் விடுவது. வெயிலில் நின்று தொண்டை கிழியக் கூவ வேண்டும். சாளை மீனுக்கு விலை ஏற ஏற வியர்வையும் பெருகும், மை இறங்கும். கறுப்புக் கோடு மூக்கு நுனிக்கு வந்துவிட்டால், ஏலம் கேட்க வந்தவர்கள் மரியாதையாக மீனைப் பார்ப்பார்கள்.

ஒரே மகள் டெல்சிக்கு அந்த முடி வரவில்லை. 2009-இல் மேற்கே ஓர் ஊரிலிருந்து பிபின் என்ற பையனுக்கு அவளைக் கேட்டு வந்தபோது யேசுதாசனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவளுக்குள் அது ஒளிந்திருக்கும். பேரப்பிள்ளையின் தலையில் வந்து நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் மகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டெல்சி நாகர்கோவிலில் விலங்கியல் படித்தவள். பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா, வயித்துல பிள்ள வளரும்போ நெறம் குடுக்குத செல்லு முதுகுப் பக்கத்துல இருந்து பொறப்பட்டு ஒடம்பு முழுக்கப் போவணும். அதப் போவச் சொல்லுத ஜீன் உங்களுக்குப் பாதி வேலதான் செய்யும். நெத்தி கடைசி ஸ்டாப்பு. வண்டி அங்க போயி எத்தாது."

"அப்பம் ஒனக்கு?"

"எனக்கு அந்தக் கெட்ட ஜீன் வரல்ல. வந்திருந்தா நெத்தியில தெரிஞ்சிருக்கும். எனக்கிட்ட இல்லாதத நான் எப்பிடி பிள்ளைக்குக் குடுப்பேன்?"

"தெரியாம இருக்கதுக்கு வழி உண்டு மோளே" என்றார் யேசுதாசன். இத்தனை வருடம் மை டப்பாவோடு குடும்பம் நடத்திய மனிதரிடம், அது ஒளிந்துகொள்ளாது என்று சொன்னால் எப்படி நம்புவார்?

கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்லலாம் என்பார்கள். முதல் ஞாயிறு யாரும் போகவில்லை. இரண்டாவதும் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு பெண்ணின் தகப்பனே போய் நின்றார்.

"சாமி, ஒரு தடை உண்டு."

சாமியார் பேனாவைத் திறந்தார். பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருக்கிறதா, மாப்பிள்ளை நெருங்கிய ரத்த உறவா என்று விசாரித்தார். யேசுதாசன் கைக்குட்டையை நனைத்து முன்முடியை அழுத்தித் துடைத்துக் காட்டினார். சாமியார் முடியைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"திருச்சபைச் சட்டத்துல முடிக்கு எடமில்ல யேசுதாசா. போயி பந்தலுக்கு ஆளு பாரு."

கல்யாணம் நடந்தது. டெல்சி உண்டானதும் யேசுதாசன் அந்தோணியாருக்கு நேர்ச்சை நேர்ந்தார். ஒன்பது மாதமும் செவ்வாய்க்கிழமை தவறாமல் சிலுவை நட்ட குருசடியில் மெழுகுதிரி ஏற்றினார். கேட்டது ஒன்றே ஒன்று. கறுப்பு முடி.

பையன் பிறந்தான், தலை நிறைய முடியோடு. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கியவர் கொஞ்சவில்லை. நெற்றிக்கு மேலே விரலால் வகிர்ந்து பார்த்தார். ஓர் இழைகூட வெள்ளை இல்லை.

"பாத்தியளா? நான் சொல்லல்லியா?" என்றாள் டெல்சி.

அவர் மறுபடியும் வகிர்ந்து பார்த்தார். பிறகு பிள்ளையை அவளருகில் கிடத்திவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"என்னப்பா இது? நீங்க கேட்டதுதானே கெடச்சிருக்கு?"

"கேட்டேன் மோளே. எங்கப்பன் கட்டுமரத்துல வரும்போ, கரையில நிக்குத எங்கம்மைக்கு அந்த வெள்ள முடிதான் மொதல்ல தெரியும். ஆளு வருதுண்ணு சொல்லி ஓடிப்போயி அடுப்பு பத்த வைப்பா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவனுக்கப் பிள்ளையளுக்காவது வருமா?"

டெல்சிக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வராதுப்பா. அது உங்களோட முடிஞ்சுபோச்சு."