தேவியிடம் சொல்லாதது

ராசிங்காபுரம் பாண்டியம்மாள் போடியில் ஒரு வியாபாரியிடம் ஏலக்காய் பிரிக்கும் வேலை பார்க்கிறாள். நாற்பத்தாறு வயது. வாய் ஓயாமல் பேசுகிறவள். ஆனால் பேச வேண்டிய இடத்தில் ஒருமுறை பேசாமல் இருந்துவிட்டாள்.

தம்பி ஜக்கையன் மலைத் தோட்டங்களுக்கு ஜீப்பு ஓட்டினான். ஏழு வருடங்களுக்கு முன் காய்ச்சல் விடவேயில்லை என்று அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் அவள்தான். எச்.ஐ.வி. என்றார்கள். தினமும் மாத்திரை சாப்பிட்டால் நன்றாக வாழலாம், கட்டப்போகும் பெண்ணிடம் மட்டும் மறைக்காதீர்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள்.

வீட்டில் அம்மா அய்யம்மாள் வேறு சொன்னாள். "தெரிஞ்சா நம்ம வாசப்படி எவனும் மிதிக்க மாட்டான். மாமன் மக தேவி இருக்கயில கட்டாம விட்டா, ஏன்னு கேப்பாக. வெரசா முடிச்சிருவோம்."

நிச்சயத்துக்குப் போன அன்று தேவி பாண்டியம்மாளைத் தனியே அழைத்தாள். "மதினி, அவுக ஏன் இம்புட்டு மெலிஞ்சிட்டாக?"

"மலையில நேரத்துக்குச் சோறு இல்லாத்தா. நீ வந்தா தேறிருவான்."

கல்யாணத்துக்குப் பிறகு ஜக்கையன் மாத்திரையை ஜீப்பு சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தான். தேனியில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று மதுரை வரை போய் வாங்கினான். ஏலக்காய் எடுக்கும் காலத்தில் ஜீப்பு ஓட்டம் கூடியதும், மதுரை போக நேரமில்லாமல் மாத்திரையும் நின்றது. பாண்டியம்மாளுக்குத் தெரியும். அதட்டினால் தேவி காதில் விழும் என்று விட்டுவிட்டாள்.

தேவி பிள்ளை உண்டாகி, முதல் பரிசோதனைக்குப் போனபோதுதான் தனக்கும் தொற்றியிருப்பதை அறிந்தாள்.

"ஒங்களுக்கு முன்னமே தெரியுமா மதினி?"

பாண்டியம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

மறு வருடம் ஜக்கையன் இறந்தான். தேவி வந்த நேரம் என்றும், நோய் அவளால்தான் வந்தது என்றும் ஊர் பேசியது. அதைக் கேட்டுக்கொண்டு அப்போதும் பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

தேவி குரங்கணியில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். விடாமல் மாத்திரை சாப்பிடுகிறாள், மகனுக்குத் தொற்றவில்லை. போன மாதம் பாண்டியம்மாள் முதன்முறையாக அங்கே போனாள். தேவி காப்பி கொடுத்தாள்.

"நான் சொல்லிருக்கணும்த்தா."

தேவி காலி டம்ளரை வாங்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "சொல்லிருந்தாலும் கட்டிருப்பேனோ என்னமோ. தெனமும் அவுகளுக்கு மாத்திரையாச்சும் எடுத்துக் குடுத்திருப்பேன்ல."