கை ஆடாத சிக்னல்

ஹெட்போன் ரப்பரின் வியர்வை நாற்றம்... அதற்குள்ளே மழை பெய்வது போல ஓயாத இரைச்சல். என் இருபத்தைந்தாவது வயது அப்படித்தான் கழிந்தது.

கடற்படையில் ஒட்டுக்கேட்பது என் வேலை. எதிரிக் கப்பல்கள் அனுப்பும் மோர்ஸ் தந்தியைக் கேட்டு எழுத வேண்டும். பத்தாவதோடு நின்றவன் நான். மோர்ஸும் ஆங்கிலமும் நானே கற்றவை. எந்த வருஷம், எந்தக் கப்பல் என்று கேட்காதீர்கள். சொல்லமாட்டேன்.

தட்டுவதில் ஒவ்வொருவன் கையும் ஒரு தினுசு. ஒரு கப்பலின் ஆளை இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன். முகம் தெரியாது. அவன் களைத்திருந்தால் மட்டும் எனக்குத் தெரிந்துவிடும்.

அன்று அந்தக் கடலில் புயல். மற்ற கப்பல்காரர்களின் கையெல்லாம் தடுமாறியது. அவன் கை மட்டும் ஆடவே இல்லை...

அப்படியென்றால் அவன் கப்பலிலேயே இல்லை. ஆளைக் கரையில் உட்காரவைத்துத் தட்டச் சொல்லிவிட்டு, கப்பல் சத்தமில்லாமல் வேறெங்கோ போய்விட்டது!

"கப்பல் பழைய இடத்திலேயே இருக்கிறது" என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் ரோந்துப் படகு மாலையில் கிளம்பும். அதன் இன்ஜின் ரூமில் சவரிநாதன் இருந்தான். என் ஊர்க்காரன், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன்.

போடமாட்டேன் என்றேன். மதுரைக்கார ஆபீசர் சிரித்தார்.

"ஏன்யா, காதுல ஜோசியம் பாக்குறியோ? ப்ரமோஷன் வேணாமா?"

"வேணாம் சார்."

படகை ஒரு நாள் நிறுத்தினார்கள். அன்று சாயங்காலம் ஹெட்போனில் ஒரே ஒரு நீண்ட ஒலி... யாரோ தவறிப்போய்க் கையை ஊன்றியது போல. அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில். பிறகு ஒன்றுமில்லை. பக்கத்து சீட்டுக்காரனுக்கு எதுவும் கேட்கவில்லையாம். லாக் புத்தகத்தில் நான் எழுதியதை அடித்துவிட்டு, "இரைச்சல்" என்று எழுதினார் ஆபீசர்.

மறுநாள் போன படகு எதையும் பார்க்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. என் ஃபைலில் கரும்புள்ளி விழுந்தது.

ஆனாலும் ஏறினேன். ஆபீசரானேன். கடைசியில் அந்த உளவுப் பிரிவுக்கே தலைவனாக உட்கார்ந்தேன். கரும்புள்ளியை எடுக்கச் சொல்லியிருக்கலாம். அது நான் மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகிவிடும். விட்டுவிட்டேன்.

சவரிக்கு இப்போது மூலக்குளத்தில் வீடு. ஞாயிறு பூசை முடித்துவிட்டு பீச் ரோட்டுக்கு வந்துவிடுவான். "இன்னாடா, உன் பேய்க்கப்பலு வந்துச்சா?" வாராவாரம் இதே கிண்டல்தான்.

போன வாரம் கேட்கவில்லை. கடலைக் காட்டிச் சொன்னான்.

"மறுநாளு போனோமில்ல... முந்தின நாளு நாங்க போவ வேண்டிய வழியிலயே தண்ணியில எண்ணெய் மெதந்துச்சுடா. நீளமா, புதுசா. சுத்தி ஒரு கப்பலும் இல்ல. வாயத் தொறக்காதன்னுட்டாங்க."

"அப்புறம் ஏண்டா இத்தினி வருஷமா என்னப் பாத்து சிரிச்ச?"

"பயம்டா. சிரிச்சா அது இல்லாமப் போயிடும்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஒட்டுக்கேட்பதெல்லாம் இப்போது மெஷின்தானாம். பீச் ரோட்டில் எள் போட இடமில்லை. எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்...

நாங்கள் இரண்டு பேர் மட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தோம்.