சித்தப்பா மாற்றிச் சொன்னவை

என் சித்தப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். லென்ஸின் விளிம்பை அரைத்து ஃப்ரேமுக்குள் உட்காரவைப்பது அவர் வேலை. இயந்திரம் அரைக்கும்போது அவருடைய வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். "பிரேக்கைப் பிடிப்பா, கடை நகர்ந்துடப் போகுது" என்பார் முதலாளி.

ஒரு காலத்தில் டிரம்ஸ் வாசித்த கால் அது. மூன்று பேர் சேர்ந்த ராக் குழு. பாடியவருக்கு மைக் என்று பட்டப்பெயர். ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும். கிட்டார் வாசித்தவர் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி போன்ற உயரத்தால் வந்த பெயர். இருவரும் பள்ளியிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். ஆல்பத்துக்காக ஸ்டூடியோ எடுத்த வாரத்தில் பேச்சு நின்றுபோனது. யாருடைய பாட்டு முதலில் வருவது என்று ஆரம்பித்து, யார் யாரை ஆளாக்கினார்கள் என்பதில் போய் முடிந்த சண்டை.

ஸ்டூடியோ ஒரு பிளைவுட் கிடங்கின் மாடியில் இருந்தது. மைக் கண்ணாடிக் கூண்டுக்குள், ஒட்டடை வெளியே. பட்டனை அழுத்தினால் ஹெட்ஃபோனில் பேசிக்கொள்ளலாம். இருவரும் அந்தப் பட்டனைத் தொடவில்லை. சித்தப்பாதான் கதவைத் திறந்து திறந்து நடந்தார்.

"அந்தக் கழுதையைக் கத்தாம பாடச் சொல்லு. காது கிழியுது" என்பார் ஒட்டடை.

சித்தப்பா உள்ளே போய், "நீ மெதுவா பாடுனா அவனுக்கு அழுகையே வந்துடுதாம்டா" என்பார்.

மைக் ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொள்வார். பிறகு மெதுவாக ஆரம்பிப்பார்.

"கிட்டாரா அது? தகரத்தைச் சுரண்டுற மாதிரி இருக்கு. நிறுத்தச் சொல்லு" என்று மைக் சொன்னது, "உன் வாசிப்பைக் கேட்டா அவனுக்குப் பாடவே மறந்துபோகுதாம். நடுநடுவுல கொஞ்சம் விட்டுக்குடு" என்று வெளியே வந்து சேரும். ஒட்டடை விட்டுக்கொடுத்தார். அந்த மௌனங்களைத்தான் பின்னால் எல்லோரும் சிலாகித்தார்கள்.

"எனக்கு அந்த ரெண்டு பேரையும் விட்டா வேற யாரு? பிரிஞ்சிடக் கூடாதுன்னுதான் மாத்திச் சொன்னேன்" என்றார் சித்தப்பா, நான் கேட்டபோது.

ஆல்பம் ஓடு ஓடென்று ஓடியது. பேருந்துகளில், விடுதி அறைகளில், முடிவெட்டும் கடைகளில் அதே பாட்டுகள். வானொலிப் பேட்டிக்கு மூவரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். மைக் மனம் இளகிப்போய், "நான் மெதுவா பாடுனா அழுகை வருதுன்னு இவன் சொல்லியனுப்பினான் பாருங்க, அதுக்கப்புறம்தான் பாட்டே வந்துச்சு" என்றார்.

"நான் எப்படா சொன்னேன்? கழுதைன்னுல்ல சொன்னேன்" என்றார் ஒட்டடை.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வானொலி நிலையத்தின் படியிறங்கும்போது குழு இல்லை. ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்: இனி சித்தப்பாவோடு பேச்சு கிடையாது.

அந்தப் புத்தி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. "எங்க அண்ணன் வாய் நிறைய திட்டினாலும், உன்னை ரொம்ப விசாரிச்சார்னு வந்து சொல்வாரு இந்த மனுஷன்" என்பாள் சித்தி.

போன மாதம் என் கண்ணாடியின் உடைந்த காம்பை மாற்றக் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு குரல், "கிட்டத்துல எழுத்து தெரியல" என்றது. அடுத்த கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். சித்தப்பாவின் கால் நின்றுவிட்டது.

அளவு எடுப்பவர் அன்று வரவில்லை. கருவிழிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க, சித்தப்பா சின்ன ஸ்கேலை மைக்கின் மூக்கின்மேல் வைத்தார். முகத்துக்கு நேர் முகம்.

"என் கண்ணைப் பாரு. ஆடாத."

"நீதான் ஆடுற."

அளந்து முடிந்தும் மைக் எழுந்திருக்கவில்லை. "ஒட்டடை நம்பர் இருக்கா?"

"இருக்கு. அவனும் என்கூடப் பேசுறதில்ல."

"எப்படி இருக்கான்னு கேளேன். நான் கேட்டேன்னு சொல்லு."

சித்தப்பாவின் உதடு அசைந்தது. நல்லதாக ஒரு வாக்கியம் அதற்குள் தயாராகிவிட்டது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவர் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, போனை மைக்கின் கையில் கொடுத்துவிட்டார்.

"நீயே கேளு. நான் கேட்டா மாத்திடுவேன்."

"யாரு?" என்றது போன்.

"நான்தாண்டா."

போனுக்குள் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு, "போனைத் தள்ளிப் பிடி. காது கிழியுது."

மைக் சித்தப்பாவைப் பார்த்தார். "காது கிழியுதாம்" என்றார்.

"கேட்டுச்சு" என்றார் சித்தப்பா.

அரைக்க வேண்டிய லென்ஸ்கள் தட்டில் கிடந்தன. இயந்திரத்தைப் போட்டால் சத்தம் வரும் என்று, துடைத்த லென்ஸையே அவர் மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.