மூண்டுதரம் சுரண்டின சுவர்

பெயின்ற் அடிக்கிறவனுக்கு அடிச்ச அண்டைக்கு எல்லாரும் நல்ல பேர்தான் சொல்லுவினம். ரெண்டு மாதம் கழிச்சு அந்த றோட்டாலை சைக்கிளிலை போகேக்கைதான் தலையைக் குனியவேணும். வெளிச்சுவரோடை ஒருக்காலாவது மாரடிச்ச ஆக்களுக்கு நான் சொல்லுறது விளங்கும்.

உரிக்கிறவன்

கோப்பாயிலை ஒரு ரீச்சர் வீடு. பழைய பெயின்ற் அப்பளம் மாதிரி எழும்பி நிண்டுது. அதுக்கு மேலாலை பூசினால் ரெண்டும் சேர்ந்தெல்லோ விழும்! ஒட்டாததெல்லாம் சுரண்டி, சாண்ட்பேப்பராலை தேச்சு, கிணத்துத் தண்ணியாலை கழுவிவிட்டன். அந்தச் சுவர் ரெண்டு மாரி கண்டும் அசையேல்லை. எண்டாலும் அண்டைக்குப் பள்ளிக்கூடத்தாலை வந்த ரீச்சர், மதிலுக்கு அங்காலை நிண்ட பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னா: "அடிக்கச் சொல்லிக் கூப்பிட்டன், உவன் வீட்டை உரிச்சுப்போட்டெல்லோ நிக்கிறான்!"

கலியாண வீடு

கோப்பாய்ச் சுவர் நிண்டுபிடிச்ச நம்பிக்கையிலைதான் பருத்தித்துறைக்குப் போனன். கடலுக்குக் கிட்ட, செல்வராணியக்காவின்ரை வீடு. மகளுக்கு ஆவணியிலை கலியாணம். மாப்பிளை பகுதி முதல்முதலா அந்தப் படலையைத் திறந்து வரப்போகினம். ஆனியிலை சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிறைமர் போட்டு, சந்தன நிறத்திலை ரெண்டுதரம் அடிச்சன்.

ஆடி முடிய முதல் முன்சுவர் முழுக்கக் கொப்புளம். தொட்டால் தூளாய்க் கொட்டுது. அக்கா ஏசியிருந்தாலும் பரவாயில்லை, ஏசேல்லை. தேத்தண்ணியைக் கையிலை தந்துபோட்டு மெல்லமாக் கேட்டா: "தம்பி, சம்பந்திப் பகுதி வரேக்கை நான் இந்தச் சுவரை என்னத்தாலை மறைக்கிறது?"

கடைக்கார அண்ணை

திரும்ப முழுக்கச் சுரண்டினன். போனமுறை கழுவினது காணாதெண்டு, கிணத்து மோட்டரைப் போட்டு ஹோஸ் பைப்பாலை விடியத் துவங்கி மத்தியானம் மட்டும் அடிச்சுக் கழுவினன். காயவிட்டுப் பூசி அஞ்சாம் நாள், புதுப் பெயின்ருக்கு மேலை வெள்ளையாய்ப் பூத்து நிக்குது. எனக்கு வந்த விசருக்கு, மிச்ச வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயின்ற் கடையிலை சண்டை பிடிச்சன், பழைய சாமானைத் தந்து என்ரை பேரைக் கெடுத்துப்போட்டியள் எண்டு. அண்ணை ரின் அடுக்கிறதை நிப்பாட்டாமலே கேட்டார்: "இதே பெயின்ரைத்தானே கோப்பாய்க்கும் கொண்டுபோனனீர்? அங்கை கழராட்டிப் பிழை வாளியிலையோ, உம்மட்டையோ?"

ஒரு வாய்

கலியாணத்துக்கு ஒன்பது நாள். மூண்டாம்தரம் சுரண்டி நா வறண்டுபோச்சு. அக்காவைக் கரைச்சல்படுத்தாமல் கிணத்திலை அள்ளி ஒரு வாய் குடிச்சன். ஐயோ, உப்பெண்டால் அப்பிடியொரு உப்பு! நான் துப்பினதைப் பாத்து அக்கா ஓடியந்தா: "அது உவர்த் தண்ணியெல்லோ தம்பி, நாங்கள் அதிலை உலைகூட வைக்கிறேல்லை!"

சம்பந்தியார்

கோப்பாயின்ரை நல்ல தண்ணி குடிச்சு வளந்த எனக்கு அந்த யோசனையே வரேல்லை. கழுவுறன் கழுவுறன் எண்டு சுவருக்கு நானே உப்பு ஏத்தியிருக்கிறன்; கொப்புளிச்சதும் வெள்ளையாய்ப் பூத்ததும் அந்த உப்பாலைதான். வெக்கத்தை விட்டு அக்காவிட்டைச் சொன்னன். கலியாணச் சமையலுக்குச் சொல்லியிருந்த தண்ணி பவுசர் லொறியை அண்டைக்கே வரப்பண்ணினா. நல்ல தண்ணியாலை கழுவி, நாலு நாள் காயவிட்டு அடிச்சன்.

கலியாணத்தண்டு சம்பந்தியார் வந்து சுவரைத் தடவினார். ஒரு துகள் விழேல்லை. தங்கடை வீட்டுக்கும் இந்தப் பெயின்ரரைத்தான் பிடிக்கவேணும் எண்டார். அக்கா என்னைப் பாத்துச் சிரிச்சா: "ஓம், பிடியுங்கோ, ஆனால் எந்தக் கிணத்திலை அள்ளிக் கழுவுறதெண்டு நீங்கள்தான் காட்டிவிடவேணும்."

இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தொட முதல் நான் கிணத்துத் தண்ணியிலை ஒரு வாய் குடிச்சுப் பாக்கிறன், வீட்டுக்காரர் பாவம், நான் தாகத்திலை வந்திருக்கிறன் எண்டு நினைக்கினம்.