சும்மா உட்காரும் உத்தியோகம்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் கனமாக உட்கார்ந்துகொள்கிறார். பிறகுதான் வண்டி கிளம்பலாம். ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுநர் இருக்கிறார். ஓட்டுவது மட்டும் அவர் இல்லை. தானாக ஓடும் காரைப் பழக்குகிற கம்பெனி அவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது, எதையும் செய்யாமல் இருப்பதற்காக. ஆபத்து என்றால் மட்டும் தொடலாம். அது ஆபத்துதானா என்பதை, ஆபத்து முடிந்தபின் கம்பெனி சொல்லும்.

சக ஓட்டுநர்கள் 'சும்மா அண்ணன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோபப்படுவதில்லை. "சும்மா இருந்து பாருங்க, இடுப்பு ஒடிஞ்சிரும்," என்கிறார். கைகளை ஒருவழியாக அடக்கிவிட்டார். வலது கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. எதிரே ஒரு சைக்கிள் ஆடினால் போதும், பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை ஓங்கி மிதிக்கிறது. அந்த இடத்தில் மட்டும் விரிப்பு தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. இல்லாத பிரேக்கை இவ்வளவு விசுவாசமாக மிதித்த கால் வேறு எங்கும் இருக்காது.

இதற்கு முன்பு செல்போனில் அழைத்தால் வரும் டாக்சி ஓட்டினார். பயணிகள் செல்போனில் போடும் நட்சத்திரத்துக்காக, தானே இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, "ஏறுங்க சார்," என்று குனிந்து நிற்பார். "அங்க எங்களை டிரைவர்னே சொல்ல மாட்டாங்க, பார்ட்னர்னுதான் சொல்லுவாங்க. அப்ப லாபத்துல பங்கு உண்டான்னு ஒரு நாள் கேட்டேன். ஐடியை லாக் பண்ணிட்டாங்க."

இங்கே அவர் முறையான ஊழியர். கழுத்தில் அட்டை, குடும்பத்துக்குக் காப்பீடு. அடுத்த வாரம் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை, கம்பெனி செலவில். தினமும் காலையில் அந்த அட்டையை அம்மாளே நொண்டிக்கொண்டு வந்து மாட்டிவிடுகிறார். "பத்திரம். என் முட்டி இந்தக் கயித்துலதான் தொங்குது."

அம்மாளின் தம்பி இன்னும் டாக்சிதான் ஓட்டுகிறார். அக்காவைப் பார்க்க வருகிற சாக்கில் மாமாவைச் சீண்டிவிட்டுப் போவார்.

"மாமா, அந்த வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா உங்க வேலை போச்சு. கத்துக்கலைன்னா உங்க உசுரு போச்சு. நீங்க எதுக்கு வேண்டிக்கிறீங்க?"

"முட்டி ஆபரேஷன் முடியற வரைக்கும் மக்காவே இருக்கட்டும்டா மச்சான். அப்புறம் நிதானமா படிக்கட்டும்."

அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் முன் இருக்கையில் ஏறிப் போன அன்று, பின் இருக்கையில், மடியில் கணினியோடு, கம்பெனி அதிகாரி இருந்தார். சோதனை நாள். சும்மா அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை தேவையில்லாமல் பிரேக் போட்டுவிட்டார் என்பது குற்றச்சாட்டு. ஒன்று நாய்க்கு, இன்னொன்று காற்றில் பறந்த பாலித்தீன் பைக்கு. இன்னொரு முறை என்றால் அட்டையைக் கழற்ற வேண்டியதுதான்.

வண்டி ஒரு நீண்ட தெருவில் திரும்பி வேகமெடுத்தது. எங்கள் பாதையிலேயே ஒரு குட்டி லாரி நின்றது. அதன் பின்பக்கம் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ ஒன்று, கண்ணாடி எங்களைப் பார்த்தபடி. அதற்குள் வெறிச்சோடிய தெரு, வானம், எங்கள் காரே. முன்னாலிருந்த திரையில் எழுத்து வந்தது: 'எதிரே ஒரு கார். வெகு தொலைவில்.' வண்டி தன்னையே யாரோ என்று நினைத்துக்கொண்டு, வேகம் குறைக்காமல் போயிற்று.

வலது கால் தரையை மிதித்தது. மீண்டும் மிதித்தது. தொடைக்கடியில் கைகள் நெளிந்தன. அட்டை மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. பீரோவின் கைப்பிடி தெரிந்தது. பூட்டுத் துவாரம் தெரிந்தது.

கால் இடம் மாறி உண்மையான பிரேக்கை அழுத்தியது. நாங்கள் முன்னால் சரிந்தோம். கண்ணாடிக்குள் எங்கள் மூன்று முகமும், முடி திருத்தும் கடையில் தெரிவதுபோலத் தெளிவாகத் தெரிந்தன.

அதிகாரி கணினியைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டார். "ஏன் தொட்டீங்க? கடைசி நொடியில அதுவே நின்னிருக்கும்."

"நின்னிருக்கலாம் சார். எனக்குத் தெரியாது."

"இப்ப எனக்கும் தெரியாம பண்ணிட்டீங்களே!" அதிகாரியின் வருத்தம் உண்மையானது. அறிவியலுக்கு நேர்ந்த நஷ்டம் அல்லவா. "சரி, லாரி அங்கயேதான் நிக்குது. தெருமுனைக்குப் போய் மறுபடி வாங்க. இந்தத் தடவை தொடக் கூடாது. வண்டி நிக்கலைன்னா நீங்க தொட்டது சரின்னு எழுதறேன். நின்னுட்டா, அட்டையைக் குடுத்துருங்க."

வண்டி நிற்காவிட்டால் எழுதியதை யார் வாங்கிக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை.

தெருமுனைக்குப் போனதும் அதிகாரி இறங்கி, நடைபாதையில் வசதியாக நின்றுகொண்டார். வெளியிலிருந்து பார்த்தால்தான் அளவு சரியாகத் தெரியுமாம். எனக்கும் திடீரென்று வெளியிலிருந்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது.

சும்மா அண்ணன் கைகளைத் தொடைக்கு அடியில் செருகினார். கழுத்து அட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். இறங்கினார். வண்டியைச் சுற்றி ஓடிவந்து, அதிகாரி நின்ற பக்கத்துப் பின்கதவைத் திறந்தார். பழைய நட்சத்திரக் காலத்துப் பணிவோடு குனிந்து, கதவைப் பிடித்தபடி நின்றார்.

"ஏறுங்க சார்."